பதிகத்தின் இருப்பும் திரையில் அதன் வடிவமும்

தரவுத்தளத்தில் சேமித்து வைத்த பாடலும் திரையில் கண்ணுக்குத் தெரியும் பாடலும் ஒன்றுதானா என்ற கேள்வி கணினித் துறையோடு முடிந்துவிடுவதில்லை. வடிவம் இல்லாத ஒன்று வடிவம் கொள்ளும்போது அதற்கு என்ன நேர்கிறது, கொண்ட வடிவம் அதன் இயல்பைக் காட்டுகிறதா மறைக்கிறதா என்று சைவ சித்தாந்தம் பல நூற்றாண்டுகளாக ஆராய்ந்து வந்திருக்கிறது. திருமுறைப் பாட்டு ஒன்றைக் கணினியில் ஏற்றும்போது இந்த இரண்டு கேள்விகளும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டி எழும் குன்றில், பிரெட்றிக் கோட்டையின் எல்லைக்குள் இருக்கிறது கோணேசர் கோயில். அதற்குரிய தேவாரப் பதிகத்தை வைத்து இதை ஆராய்வது நல்லது. அந்தப் பதிகத்தின் வரலாற்றிலேயே இழப்பும் மீட்பும் கலந்திருக்கின்றன.

பதிகம் திருஞானசம்பந்தர் அருளியது. மூன்றாம் திருமுறையில் 123ஆம் பதிகமாகப் புறநீர்மைப் பண்ணில் வைக்கப்பட்டிருக்கிறது. சம்பந்தர் கடல் கடந்து வரவில்லை. இராமேசுவரத்தில் இருந்தபடியே கோணமலையையும் மாதோட்டத்துக் கேதீச்சரத்தையும் பாடினார் என்பது பெரியபுராணம் தரும் செய்தி. பாடலுக்கு நான்கு அடி, அடிக்கு ஏழு சீர். சந்தனமும் அகிலும் மணியும் அலையில் புரண்டு வர, கடல் முத்தைக் கொண்டுவந்து கரையில் ஒதுக்கும் மலை என்று தலத்தைக் காட்டுகிறது முதற்பாடல்.

இந்தப் பதிகம் தரவுத்தளத்தில் அட்டவணையின் வரிசைகளாக நிற்கும். திருமுறை எண் ஒரு புலம், பதிக எண் ஒரு புலம், பாடல் எண், தலம், பண், பிறகு பாடல். பாடல் என்ற அந்தப் புலத்தில் நிறம் இல்லை, எழுத்தின் பருமன் இல்லை, பக்கத்தின் ஓரம் இல்லை. அடி முடியும் இடத்தில் புதுவரிக் குறி ஒன்று இருக்கும், அவ்வளவுதான். அதை அப்படியே உலாவியிடம் கொடுத்தால் அந்தக் குறியும் போய்விடும். தொடர்ந்து வரும் வெற்றிடங்களையும் புதுவரிகளையும் ஒரே இடைவெளியாகச் சுருக்கிவிடுவது உலாவியின் வழக்கம். நான்கடிச் செய்யுள் உரைநடைப் பத்தியாகிவிடும். எழுத்து ஒன்றும் குறையவில்லை. ஆனாலும் யாப்பு தெரியவில்லை, எதுகை நிற்கும் இடம் தெரியவில்லை, ஓதுபவர் மூச்சு வாங்கும் இடமும் தெரியவில்லை. எழுத்துகள் முழுதாக இருந்தும் செய்யுள் கையைவிட்டுப் போவது இப்படித்தான். புதுவரியை வரிமுறிவாக மாற்றித் தரும் சிறு நிரல் இங்கே யாப்பிலக்கணத்தின் வேலையைச் செய்கிறது.

இதற்கு ஈடான பாகுபாடு சித்தாந்தத்தில் உண்டு. ஒரு பொருள் தன்னளவில் இருக்கும் இயல்பு சொரூபம். பிறிதொன்றைச் சார்ந்து கொள்ளும் இயல்பு தடத்தம். இறைவன் தன் நிலையில் உரு, பெயர், தொழில் எவற்றுக்கும் அப்பாற்பட்டவன். உயிர்களின் பொருட்டு அருவம், அருவுருவம், உருவம் என்னும் மூவகை நிலைகளைக் கொள்கிறான். சிவம், சத்தி, நாதம், விந்து ஆகிய நான்கும் அருவம், சதாசிவம் அருவுருவம், மகேசுவரன், உருத்திரன், மால், அயன் ஆகிய நான்கும் உருவம். இந்த ஒன்பது நிலைகளும் தடத்தமே. ஆனால் அவை பொய்த்தோற்றம் என்று சித்தாந்தம் சொல்வதில்லை. அருணந்தி சிவம் சிவஞான சித்தியாரில் இறைவனின் திருமேனி மாயையால் ஆனதன்று, அருளால் ஆனது என்று விரிவாக நிறுவுகிறார். உருவத்தை வழக்கு அளவில் மட்டும் ஏற்கும் கேவலாத்துவிதத்திலிருந்து சித்தாந்தம் இங்கே பிரிகிறது.

ஆகவே தரவுத்தளத்தில் உள்ளது சொரூபம், திரையில் உள்ளது தடத்தம் என்று பொருத்திக்காட்டத் தோன்றும். பொருத்தம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் தவறானது. தரவுத்தளத்தில் உள்ளதும் வடிவமே என்பதை ஓர் எழுத்தை எடுத்துப் பார்த்தாலே அறியலாம்.

கோணேசர் என்ற பெயர் கண்ணுக்கு நான்கு எழுத்து. ஒருங்குறியில் அது ஏழு குறியெண்கள்: ககரம், ஓகாரக் குறி, ணகரம், ஏகாரக் குறி, சகரம், ரகரம், புள்ளி. தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் இன்று பரவலாக வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டு இடம் பிடிக்கும். பெயர் முழுவதற்கும் 21 பைட்டு. கொம்பு ககரத்துக்கு முன்னால் வந்து நிற்பது திரையில்தான். சேமிப்பில் மெய் முதலிலும் உயிர்க்குறி பின்னாலும் இருக்கும். இன்னொன்றும் உண்டு. ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் வைக்கலாம். ஏகாரக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். இரண்டும் நிகரானவை என்று ஒருங்குறித் தரமே சொல்கிறது. இரண்டாவது முறையில் பெயர் எட்டுக் குறியெண்ணாகி 24 பைட்டாகிவிடும். திரையில் இரண்டுக்கும் இம்மி வேறுபாடு தெரியாது. ஆனால் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் இயல்பாக்கம் செய்யாத தரவுத்தளத்தில் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. கோணேசர் இருந்தும் இல்லாதவர் ஆகிறார். திருகோணமலை நகரின் பத்திரகாளி அம்பாள் கோயில் பெயருக்கு முன்னால் வரும் ஸ்ரீக்கும் இதை ஒத்த நிலைதான். அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம்; 2005இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே உருவாகவே காட்டும்.

இலங்கையில் இதற்கு நேர்மாறான நிலையும் நெடுங்காலம் இருந்தது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆவணங்களில் சேமிப்பில் இருப்பவை ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்கள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவை அணிவித்தது. கொம்பை முதலில் தட்டி, பிறகு ககரத்தையும் காலையும் தட்ட வேண்டும். கண் காணும் வரிசையே சேமிப்பு வரிசை. எழுத்துரு இல்லாத கணினியில் திருப்பாட்டு பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அங்கே பதிகம் இருந்தது என்பதா, இல்லை என்பதா? தோற்றத்தையே இருப்பாகக் கொண்ட முறையின் குறை இந்தக் கேள்வியில் வெளிப்படுகிறது. மதுரைத் திட்டம் 1998இல் தமிழ் நூல்களை மின்வடிவில் தரத் தொடங்கியபோது ஒருங்குறி பரவியிருக்கவில்லை. வேறு குறிமுறைகளில் ஏற்றியவற்றைப் பிற்பாடு ஒருங்குறிக்கு மாற்ற வேண்டியிருந்தது. உரு மாறியும் நூல் அதே நூலாக நின்றது என்றால், அதன் அடையாளம் பைட்டுகளில் இல்லை என்பது தெளிவு.

வேறெங்கே இருக்கிறது? சித்தாந்தம் வாக்கை நான்காகப் பகுக்கும். செவிக்குக் கேட்கும் சொல் வைகரி. ஒலிக்காமல் உள்ளத்தில் எழுத்து வேறுபாட்டோடு ஓடுவது மத்திமை. எழுத்துகள் பிரியாமல், மயில் முட்டையின் நீரில் தோகையின் நிறங்கள் அடங்கியிருப்பதுபோல் ஒடுங்கி நிற்பது பைசந்தி. அதற்கும் அப்பால் ஒலியின் மூலமாக நிற்பது சூக்குமை. பைசந்தியைப் பற்றிக் கேட்டதும் தரவுத்தளம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் நான்கு வாக்கும் அறியும் உயிருக்கு அறிவைத் தோற்றுவிக்கும் நிலைகள். தரவுத்தளம் சடம், அது எதையும் அறிவதில்லை, எதையும் சொல்ல முற்படுவதும் இல்லை. அங்கே கிடக்கும் வரிசை எந்த வாக்கிலும் சேராது. அறியும் ஒருவர் கண்டு, எழுத்தாகக் கூட்டி, சொல்லாக உணரும்போதுதான் மத்திமையும் வைகரியும் தொடங்குகின்றன. எனவே சேமிப்பு, திரை இரண்டுமே தடத்தத்தின் பக்கம் நிற்பவை. பதிகத்தின் தன்னியல்பு ஓதுவோரிடத்திலும் கேட்போரிடத்திலும் தொடரும் பொருளுணர்வில் இருக்கிறது.

இங்கே ஒருங்குறியின் அமைப்பு சித்தாந்தத்தின் பழைய உவமை ஒன்றுக்கு எதிர்பாராத விளக்கம் தருகிறது. எழுத்துகளில் அகரம் நிறைந்திருப்பதுபோல் இறைவன் எங்கும் நிறைந்திருக்கிறான் என்று உமாபதி சிவம் திருவருட்பயனைத் தொடங்குகிறார். ஒருங்குறியில் ககரத்துக்கு ஒரே குறியெண்தான். அதற்குள் இருக்கும் அகரத்துக்கெனத் தனிக் குறி சேமிக்கப்படுவதில்லை. இகரம் வேண்டுமென்றால் குறி சேர்க்க வேண்டும், உகரம் வேண்டுமென்றால் குறி சேர்க்க வேண்டும். அகரத்தை நீக்க வேண்டுமென்றாலும் புள்ளி என்ற குறியைச் சேர்த்தாக வேண்டும். அகரம் மட்டும் எழுதப்படாமலே இருக்கிறது. தரவுத்தளத்தைப் பைட்டு பைட்டாகத் துருவினாலும் ககரத்துள் நிற்கும் அகரம் அகப்படாது. படிப்பவர் வாயில் அது தவறாமல் ஒலிக்கும். எண்ணிக் காட்ட முடியாதது இல்லாதது ஆகிவிடாது என்பதற்குத் தமிழ் எழுத்தைவிட நெருக்கமான சான்று கிடைப்பது அரிது.

வடிவம் எதையும் தொடாதே என்ற நிலைப்பாடும் இதனால் வலுவிழக்கிறது. பனையோலையில் எழுதிய காலத்தில் செய்யுள் அடி பிரித்து எழுதப்படவில்லை. புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒரே வடிவில் நின்றன. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருந்தன. படிப்பவர் பொருளறிந்து கூட்டிப் படித்தார். ஆறுமுக நாவலர், சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் ஆகியோர் 19ஆம் நூற்றாண்டில் அச்சுக்குக் கொண்டுவந்த பக்கங்களில் உள்ள அடிப்பிரிப்பு, புள்ளி, நிறுத்தக்குறி எல்லாம் பதிப்பாசிரியர் அணிவித்தவை. அது பெருந்தொண்டு, அதுவும் ஒரு வடிவமைப்பே. தேவாரத்தில் சீர் பிரித்துக் காட்டினால் ஓசை தெளியும், சொல் நடுவில் உடையும். சொல் பிரித்துக் காட்டினால் பொருள் தெளியும், ஓசை கெடும். ஓதக் கற்பவருக்கு முதலாவது தேவை, பொருள் அறிய வருபவருக்கு இரண்டாவது. அச்சுப் பக்கம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியிருந்தது. ஒரே மூலத்திலிருந்து இரண்டையும் காட்டித் தரும் வாய்ப்பு கணினிக்கு உண்டு. அடியார் வேண்டும் உருவில் இறைவன் வந்து தோன்றுவதை அருள் என்று கொள்ளும் மரபில் இது குறையாகாது.

குறை நேர்வது வேறிடத்தில். காட்டுவதற்காகக் கொண்ட வடிவம் மூலத்துக்குள்ளேயே எழுதப்பட்டுவிடும்போது கேடு தொடங்குகிறது. தடித்த எழுத்துக்கான கட்டளை, நிறத்துக்கான கட்டளை, வரிமுறிவு எல்லாவற்றையும் பாடற்புலத்திலேயே கலந்து சேமிப்பவர்கள் உண்டு. பத்து ஆண்டு கழித்து எது சம்பந்தர் வாக்கு, எது நிரலர் கைவேலை என்று பிரிப்பதே தனி ஆராய்ச்சியாகிவிடும். மூலம் மூலமாகவே இருக்க வேண்டும். மாற்றம் எல்லாம் வெளிவரும் வாயிலில் நிகழ வேண்டும். கோணக்குறி போன்ற சில குறிகளை உலாவி கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். கல்வெட்டைப் பெயர்த்தெழுதும் அறிஞர்கள், செதுக்கியவர் விட்டுவிட்ட எழுத்தைத் தாம் சேர்த்ததற்கு அடையாளமாக அதே கோணக்குறியைப் பயன்படுத்துகிறார்கள். உரோமன் எழுத்தில் பெயர்த்த வாசகத்தை அப்படியே உலாவிக்கு அனுப்பினால் அந்த எழுத்துகள் சுவடின்றி மறையும். அறிஞர் நேர்மையோடு இட்ட அடையாளமே அவர் கண்டதை அழித்துவிடும். வெளியிடும் நேரத்தில் அக்குறிகளை உரிய மாற்றுக்குறியாக ஆக்கிவிட்டால் சிக்கல் இல்லை. அதைச் சேமிக்கும்போதே செய்தால் மூலம் கெடும்; மறுமுறை மாற்றும்போது இரட்டித்துத் திரையில் குப்பையாகக் கொட்டும்.

இனி இழப்பைக் காட்டும் முறை. கோணமலைப் பதிகத்தில் இன்று கிடைப்பவை 10 பாடல்கள். ஏழாம் பாடல் கிடைக்கவில்லை. சம்பந்தர் பதிகங்களில் எட்டாம் பாடலில் இராவணனும், ஒன்பதாம் பாடலில் மாலும் அயனும், பத்தாம் பாடலில் சமணரும் பௌத்தரும், பதினொன்றாம் பாடலில் பயனும் வருவது பெருவழக்கு. அந்த வரிசையை வைத்தே விடுபட்டது எது என்பதை அறிகிறோம். நிரல் எழுதுபவர் உள்ள பத்தையும் ஒன்று முதல் பத்து வரை தானாக எண்ணிடும்படி விட்டால், இராவணன் பாடல் ஏழாகிவிடும். பதிகம் குறையின்றி இருப்பதாகத் தோன்றும். இது சிறு பிழை என்று ஒதுக்கத்தக்கதன்று. இல்லாததை இல்லை என்று அறிவதும் அறிவு என்று சைவ அளவை நூல்கள் அளவைகளின் வரிசையில் அபாவத்தையும் பேசுகின்றன. ஒரு புலத்தில் மதிப்பு வெறுமையாக இருப்பதும், வரிசையே இல்லாமல் இருப்பதும் தரவுத்தளத்தில் வெவ்வேறு. ஏழாம் பாடலுக்கு வரிசை வேண்டும்; அதில் பாடற்புலம் வெறுமையாக இருக்க வேண்டும்; திரையில் 'இப்பாடல் கிடைக்கவில்லை' என்று வர வேண்டும். திருவிடைவாய்ப் பதிகம் ஏடுகளில் இல்லாமல் இருந்து, 20ஆம் நூற்றாண்டில் கோயிற் கல்வெட்டிலிருந்து கிடைத்தது. கிடைக்கக்கூடிய ஒன்றுக்கு இடம் வைத்திருப்பது வீணன்று.

திருகோணமலையின் கற்களும் இதையே கற்பிக்கின்றன. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களால் கோட்டை கட்டினார்கள். இன்று பிரெட்றிக் கோட்டை எனப்படும் அதன் வாயில் நிலையில் இணைக் கயல் சின்னத்தோடு தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பறங்கியர் பிரிப்பர் என்று தொடங்கும் வருங்காலக் கூற்றுச் செய்யுள் அது என்பது மரபு. கல்லில் எஞ்சியிருப்பவை அடிகளின் சில எழுத்துகள் மட்டுமே. நூல்களில் அச்சாகி ஊரெல்லாம் வழங்கும் முழுச் செய்யுள், செவிவழி மரபும் இலக்கியமும் இட்டு நிரப்பியது. மரபின் நிரப்பு மதிக்கத்தக்கது. சில வேளை சரியாகவும் இருக்கலாம். ஆனால் கல் சொல்வது ஒரு புலத்திலும் மரபு சொல்வது வேறொரு புலத்திலும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டும் பக்கம், பக்தியால் அப்படிச் செய்தாலும், வாய்மையைக் கெடுக்கிறது. அதே கோட்டையில் கிரந்த எழுத்தில் ஒரு சமக்கிருதக் கல்வெட்டுத் துண்டும் உண்டு. சோடகங்கன் என்பவன் சக ஆண்டு 1145இல், அதாவது கி.பி. 1223இல், வந்த செய்தியைச் சொல்வது. கிரந்தம் 2014இல்தான் ஒருங்குறியில் தனித்தொகுதி பெற்றது. அதன் எழுத்துகளுக்கு நான்கு பைட்டு வேண்டும். மூன்று பைட்டோடு நின்ற பழைய தரவுத்தள அமைப்புகளால் அதை ஏற்க முடியாது. தமிழையே ஏற்காத குறிமுறையில் அமைந்த புலமாக இருந்தால் ஒவ்வொரு எழுத்தும் வினாக்குறியாகிவிடும். எழுத்துரு இல்லாமல் தெரியும் வெற்றுக் கட்டம் திருத்தக்கூடிய குறை: 2008இல் சேர்ந்த ஓங்கார எழுத்து பழைய கணினியில் கட்டமாகத் தெரிந்தாலும் உள்ளே பத்திரமாக இருக்கும். வினாக்குறியாகச் சேமிக்கப்பட்டது மீளாது. முன்னது மறைவு, பின்னது அழிவு. சித்தாந்தம் மறைத்தலையும் அழித்தலையும் இருவேறு தொழில்களாக வைத்ததன் நுட்பம் இங்கும் விளங்கும்.

திரையும் சேமிப்பும் சேர்ந்தும் ஏந்த முடியாத ஒன்று எஞ்சுகிறது, அது பண். நம்பியாண்டார் நம்பி திருமுறைகளைத் தொகுத்தபின் பண் வகுக்க ஏடு போதவில்லை என்றும், எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியைக் கொண்டே பண்ணடைவு செய்தார்கள் என்றும் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. எழுத்து கிடைத்தபின்னும் ஒரு குரல் தேவைப்பட்டது. பாடற்புலத்தில் எழுத்தைத் திருத்தமாக வைத்துப் பண் என்ற புலத்தை வெறுமையாக விடும் தொகுப்பு பாதிப் பதிகத்தையே வைத்திருக்கிறது. கோணமலைப் பதிகத்துக்கு அந்தப் புலத்தில் எழுத வேண்டியது புறநீர்மை. இன்றைய ஓதுவார்கள் அதைப் பூபாள இராகத்தில் பாடுகிறார்கள்.